ஞானமுத்து வீட்டு வாசலில் மேளம்

போன மாதம் சுமதி போன் செய்தார். என்னோடு வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர், இப்போது வேறு ஓர் ஊரில் அதிகாரியாக இருக்கிறார்.

"சார், வெளிநாட்டுலேர்ந்து ஒரு ஆராய்ச்சி டீம் வர்றாங்க. நகராட்சி எல்லாம் மானியத்தை நம்பாம சொந்த வருமானத்துல எப்படி நிக்கிறதுன்னு பாக்கறாங்களாம். அவங்க கையில பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருக்கு. அதுல நம்ம ஆபீஸ் மேள வசூலைப் பத்தி ஒரு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கு. அப்ப நீங்கதானே சார் கூடவே போனது? வந்து ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்."

முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். வலி இருப்பது உண்மைதான். ஆனால் தினமும் காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையை ஒரு சுற்று சுற்றி வருகிற முழங்கால் அது. அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அந்த ரிப்போர்ட்டில் இல்லாத ஒருவரைப் பற்றித்தான் எனக்குப் பேச இருக்கிறது. அதை மேடையில் நின்று, சால்வையும் போர்த்திக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. எழுதிப் பார்க்கிறேன்.

நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன். தாம்பரத்தைச் சுற்றியிருந்த நகராட்சிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவு, தெருவிளக்கு, கட்டட அனுமதி என்று ஒவ்வொரு மேஜையாகத் தேய்த்துவிட்டு, ஓய்வு பெறச் சில வருடங்கள் இருக்கும்போது வருவாய்ப் பிரிவுக் கண்காணிப்பாளர் ஆனேன். சொத்துவரி என் தலையில் வந்தது.

சொத்துவரி வசூல் என்பது பார்க்க எளிது, செய்யப் பேஜார். அரையாண்டுக்கு ஒருமுறை வரி. கட்டாதவருக்கு முதலில் கேட்பு அறிவிப்பு, பிறகு எச்சரிக்கை, பிறகு குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டல். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் லாரித் தண்ணீர்தான் வாங்கினார்கள். வராத தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டினால் யார் பயப்படுவார்கள்? சிரிப்பார்கள். பெரிய கட்டடக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். வருடக் கடைசியில் துப்புரவுப் பணியாளர்களுக்குச் சம்பளம் போட முடியாமல் நாங்கள் கையைப் பிசைவோம்.

அப்போது வந்த ஆணையரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அதட்டியதில்லை. உத்தரவு போட்டதும் இல்லை. எதையும் கேள்வியாகவே கேட்பார். "இதைப் பண்ணிடலாமா?" என்பார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியின் ஓரத்தில் துடைத்தபடியே கேட்பார், அதனால் அவர் கண் நம்மைப் பார்க்கிறதா என்றே தெரியாது. நாம் "பண்ணிடலாம் சார்" என்போம். அந்த நொடியிலிருந்து அது நம் யோசனை. நல்லது நடந்தால் அவர் கேட்டது, கெட்டது நடந்தால் நாம் சொன்னது. எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக என் கழுத்தில் கயிறு மாட்டியவர் வேறு யாரும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர் சம்பளம் தள்ளிப்போனால் அந்த மாதம் தன் சம்பளத்தையும் அவர் வாங்கமாட்டார். அதனாலேயே அவரை என்னால் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

ஒருநாள் அவர் கண்ணாடியைத் துடைத்தார். "வேற ஊர்ல எல்லாம் பாக்கிக்காரங்க வீட்டு முன்னாடி மேளம் அடிக்கிறாங்களாமே. நாமளும் பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம் சார்" என்றேன்.

அதே சமயத்தில்தான் கார்லா வந்தார். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் எங்கள் நகராட்சியும் ஒன்று. கார் வேண்டாம் என்று மின்சார ரயிலில் வந்து, வெயிலில் குடை பிடித்து நடந்தே அலுவலகம் வருவார். முதல் நாளே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: நாளைக்கே அரசு மானியம் நின்றுபோனால் உங்கள் தெருவிளக்கு எத்தனை மாதம் எரியும்? இத்தனை வருட வேலையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அசடு வழிந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்ததில் வந்த பதிலை அவரிடம் சொல்லவே கூசியது.

மேளம் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் முகம் சுருங்கியது. ஆராய்ச்சி சார்பாக அதைச் செய்யச் சொல்லவோ தடுக்கவோ தனக்கு உரிமை இல்லை, ஆனால் மேளம் அடித்த வீட்டுக்காரர்களைச் சில மாதம் கழித்துச் சந்தித்துப் பேச வேண்டும் என்றார். பேசட்டுமே என்றோம். வசூல் ஏறும், வெளிநாட்டு ரிப்போர்ட்டில் பெயர் வரும் என்று எங்களுக்கு ஒரே குஷி.

மேளம் அடிக்க ஏழுமலையின் குழுவைப் பேசினோம். வண்டலூர்ப் பக்கத்தில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கிற ஆட்கள். முதல் நாள் ஏழுமலை என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"இன்னா அடி சார் அடிக்கணும்? சாவு அடியா, சாமி அடியா?"

"ஏதாவது சத்தமா அடிங்க. ஆளுங்க வெளியில வந்தா போதும்."

"வெளியில வருவாங்க சார். திரும்பி உள்ள போறதுதான் கஷ்டம்" என்றார். அப்போது அதை நான் நக்கல் என்று நினைத்தேன்.

முறை இதுதான். காலையில் தெருமுனையில் வண்டி நிற்கும். பில் கலெக்டர் என்று ஜனங்கள் கூப்பிடுகிற வரித்தண்டலர் வீட்டைக் காட்டுவார். ஊழியர் ஒருவர் கதவில் அறிவிப்பை ஒட்டுவார். மேளம் தொடங்கும். எதிர்வீடு, பக்கத்துவீடு, மாடி எல்லாம் நிறைந்ததும் நான் மெகாபோனில் கதவு எண்ணையும் பாக்கி இருக்கும் விஷயத்தையும் சொல்வேன். அவ்வளவுதான், கால் மணி நேர வேலை. மறுநாள் காலை கவுன்டரில் வரிசை நிற்கும். துணிக்கடை முதலாளி ஒருவர் மேளச் சத்தம் கேட்டதும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனைக்கே ஓடி வந்தார். நாங்கள் சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், எங்கள் வழக்கமான வரித்தண்டலர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டார். வேறு வார்டிலிருந்து ஒருவர் வந்தார். வரித்தண்டலர்களுக்கு வீடுகள் எண்ணால் தெரியாது, முகத்தால் தெரியும். 'மாவு மெஷினுக்கு எதிர்வீடு', 'நாய் குரைக்கிற வீடு' என்றுதான் மனசில் இருக்கும். புதியவருக்கு எண்தான் கதி. அவர் காட்டிய வீட்டின் முன்னால் மேளம் அடித்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் கதவைத் திறந்து, வாசற்படியில் இறங்காமல், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். மற்றவர்கள் கத்துவார்கள், கெஞ்சுவார்கள், கதவைச் சாத்துவார்கள். இவர் தலைமைச் செயலர் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். மறுநாள் முதல் ஆளாகக் கவுன்டரில் கட்டிவிட்டுப் போனார் என்று சொன்னார்கள். நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் கார்லா பேட்டிக்குத் திரும்ப வந்தார். அவருடைய தமிழ் உதவியாளருக்கு அன்று காய்ச்சல். அலுவலக ஆள் கூட வந்தால் ஜனங்கள் மனம் விட்டுப் பேசமாட்டார்கள் என்பது அவர்களுடைய விதி. ஆனால் ஊருக்குத் திரும்ப அவருக்கு நாள் நெருங்கிவிட்டது. மொழிபெயர்க்க மட்டும் நான் போனேன், யார் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கதவைத் திறந்தவர் அதே வெள்ளைச் சட்டைப் பெரியவர். பெயர் ஞானமுத்து. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். என்னைப் பார்த்த மறுகணமே சொன்னார்.

"வாங்க சார். அன்னிக்கு மைக்கு வெச்சினு நின்னீங்களே. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

அதில் கோபமே இல்லை. நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார்.

கார்லாவின் கேள்விகளில் ஒன்று இது: அன்று உங்களுக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள்? ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் மிக அதிகம்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அஞ்சுக்கு மேல எதுனா கீதா சார்?"

"இல்லீங்க."

"அப்ப அஞ்சுன்னே போட்டுக்கச் சொல்லுங்க. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீறாங்க."

வரியை யார் கட்டுவது வழக்கம் என்று அடுத்த கேள்வி. ஒரே மகன், டேவிட். வண்டலூரில் குடும்பத்தோடு இருக்கிறான். வரி, கரண்ட் பில் எல்லாம் அவன்தான் போனிலேயே கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பேரப்பிள்ளைகளோடு வருவான், ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மேளம் அடித்த அன்று சாயங்காலமே ஓடி வந்து, "நான் கட்டிட்டேன்பா" என்று போனைக் காட்டினானாம்.

"போன்ல எத்த வேணா காட்டலாம் சார். கவர்மென்ட்டு சும்மா வந்து மேளம் அடிக்குமா? நாலு பேரு எதிர்ல பொய் சொல்லுமா? 'என்னை ஏமாத்திட்டியே, இனிமே இந்தப் பக்கம் வராத'ன்னுட்டேன். வர்றதில்ல. கதவுல ஒட்டினதுல வேற யாரோ பேரு இருந்துச்சு. இங்க பாதி வூட்டுக்கு மனை வித்தவன் பேர்லதானே இன்னும் வரி வருது. அத்த எடுத்துகினு போயி நானே கட்டிட்டேன்."

'வேற யாரோ பேரு' என்றது எனக்கு இடித்தது. காரணம் உடனே பிடிபடவில்லை. விடைபெற்று வெளியில் வந்து செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து பார்த்தேன். கதவுக்கு மேலே, நம் ஊர் வீடுகள் எல்லாவற்றிலும் இருப்பது போல, இரண்டு எண் எழுதிய தகடு. புதிய எண் ஒன்று, பழைய எண் ஒன்று. எங்கள் வரிக் கணக்கு முழுக்கப் பழைய எண்ணில்தான். அன்று வந்த புது ஆள் பார்த்தது புதிய எண்ணை. அதே எண்ணைப் பழைய எண்ணாகக் கொண்டு பாக்கி வைத்திருந்தது நாலைந்து வீடு தள்ளி, செடி முளைத்துப் பூட்டிக் கிடக்கும் வீடு. அதன் சொந்தக்காரர் எங்கேயோ இருக்கிறார். மேளம் அடித்த அன்றும் அந்தத் தகடு அங்கேதான் இருந்தது. அதன் கீழேதான் நான் மெகாபோனோடு நின்றேன்.

தெருவிலேயே கார்லாவிடம் சொன்னேன். அவர் குடையை மடக்கினார். இப்போதே உள்ளே போய் அவரிடம் சொல்லிவிடுவோம் என்றார். ஆணையரிடம் கேட்காமல் முடியாது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஆராய்ச்சி பாக்கி வைத்தவர்களைப் பற்றியது. பாக்கியே இல்லாதவரின் பதிலை அதில் சேர்க்க விதி இல்லை. ஞானமுத்துவின் பேட்டியை அழிக்க வேண்டும். சொல்லும்போது அவர் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

ஆணையர் கண்ணாடியைத் துடைத்தார். "கட்டின பணத்தை அடுத்த அரையாண்டுல கழிச்சுக்கலாமா?"

அதுவரை அவர் கேட்ட எதற்கும் நான் மறுப்புச் சொன்னதில்லை. "மேளத்தை எதுல சார் கழிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மன்னிப்புக் கடிதம் தரலாம் என்றேன். இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்களே என்றார். கடைசியில், "நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க உங்க சொந்த முறையில என்ன செஞ்சாலும் எனக்குத் தெரியாது" என்றார். முதல்முறையாகக் கேள்வி இல்லாமல் பேசினார்.

அங்கே ஆரம்பித்தது என் புத்திசாலித்தனம். தெரு முழுக்கக் கேட்க அவமானப்படுத்தியதைக் காதோடு சொல்லித் தீர்க்க முடியாது, அதே தெருவில், அதே மேளத்தோடு, அதே மெகாபோனில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தேன். ஊருக்குக் கிளம்பிய கார்லாவிடம் சொன்னபோது, மறுபடியும் மேளமா என்று சந்தேகப்பட்டார். "உங்களுக்கு எங்க ஜனங்களைத் தெரியாது மேடம்" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டேவிட்டை வண்டலூரில் போய்ப் பார்த்தேன். அவன் என்னை அடிக்காமல் விட்டதே பெரிது. விஷயத்தை முழுக்கச் சொன்னேன்.

"நாங்க போன் பண்ணாலும் எடுக்கறதில்ல சார். சின்னவ தாத்தா எங்கன்னு கேட்டுக்கினே இருக்கா" என்றான். பிறகு என் யோசனைக்குச் சம்மதித்தான். "முன்னாடியே சொல்லாதீங்க. சொன்னா வேணாம்னுடுவாரு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரத்துக்கு ஏழுமலையின் ஆட்கள் வந்தார்கள். ஏழுமலை இந்த முறை என்ன அடி என்று கேட்கவில்லை. "கல்யாண அடி போட்றேன் சார். காசு வேணாம்" என்றார். தெருமுனையில் தொடங்கி அடித்துக்கொண்டே நடந்தோம். மாலையும் கையுமாக டேவிட், அவன் மனைவி, பிள்ளைகள். ஜனங்கள் வெளியில் வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞானமுத்துவின் வீடு பூட்டியிருந்தது.

மேளம் நின்றது. ஏழுமலை என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மாள் மாடியிலிருந்து எட்டிச் சொன்னார். "மோளச் சத்தம் முனையில கேட்டதுமே பையை எடுத்துகினு பின்பக்கமா போய்ட்டாருங்க. அன்னிலேர்ந்து எப்பவும் பின்பக்கமாத்தான் போறாரு, வர்றாரு."

டேவிட்டும் நானும் அவன் வண்டியில் தேடினோம். சர்ச், ரயில்வே ஸ்டேஷன், டீக்கடை. கடைசியில் எனக்கு ஏதோ தோன்றி அலுவலகத்துக்கு விடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே, வெள்ளைச் சட்டையோடு, மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். வரிசையே இல்லாத இடத்தில் வரிசையில் நிற்பவர் மாதிரி நின்றார்.

என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். "சார், இன்னிக்கு கவுன்டர் இல்லியா? தெருவுல மேளம் வருது சார். எம்மாம் பாக்கின்னு தெரில. இருக்கறத எடுத்துகினு வந்துட்டேன். வூட்டாண்ட வர்றதுக்குள்ள கட்டிட்டா திரும்பிப் போய்டுவாங்க இல்ல?"

டேவிட்தான் சொன்னான். "அப்பா, பாக்கி எதுவும் இல்லப்பா. அன்னிக்கும் இல்ல."

அவர் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அப்டியா சார்?" என்றார். அப்போதும் அவருக்கு அரசாங்கத்தின் வாய்வார்த்தைதான் வேண்டியிருந்தது.

"ஆமாங்க. வீடு மாறிப்போச்சு. பழைய நம்பர், புது நம்பர்ல தப்பு. எங்க தப்பு."

அவர் கை பையை விட்டு மெதுவாக இறங்கியது. பிறகு டேவிட்டின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "பசங்க சாப்டாங்களாடா?" என்றார். டேவிட் ரோடு என்றும் பார்க்காமல் அழுதான்.

தெருவில் எல்லாரும் காத்திருக்கிறார்கள், மைக்கில் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் சார். மேளக்காரங்கள அனுப்பிடுங்க, அது போதும்" என்றார். மகனின் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், ஏதோ நினைவு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"சார், அந்த வெளிநாட்டு அம்மாகிட்ட அஞ்சுன்னு சொன்னேனே. அத்த அழிச்சிடச் சொல்லுங்க. பாக்கி இல்லாதவனுக்கு இன்னா சார் அவமானம்?"

அது ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றோ, ஏன் அழிந்தது என்றோ அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொல்லிடறேங்க" என்றேன்.